ரோமா, போலோன்யாவா, பலெர்மோவா? ஒற்றைப் பையோடு இத்தாலி

அக்கா மகள் போன மாதம் போன் செய்தாள். "சித்தி, ஆபீஸ்ல 12 நாள் லீவு சொல்லிட்டேன். இத்தாலி போறேன், தனியாத்தான். ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ், மிலன், நேப்பிள்ஸ், முடிஞ்சா சிசிலி. சரியா வருமா?"

"வரும். ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் நல்லாப் பார்த்துட்டு வரலாம்" என்றேன்.

போனை வைத்துவிட்டாள். சமாதானப்படுத்த உட்கார்ந்து எழுதிய குறிப்புதான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது.

நான் இத்தாலிக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் தனியாக, முதுகில் ஒரே பை. முதல் முறை எல்லோரும் போகிற வழி: ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ். இரண்டாவது முறை போலோன்யாவில் ஒரே அறையைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து தினம் ஒரு ஊருக்குப் போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை தெற்கு: பாரியில் தொடங்கி மத்தேரா, நேப்பிள்ஸ், கடைசியாக சிசிலித் தீவின் பலெர்மோ. இந்த மூன்றில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. எது அழகு என்று கேட்டால் பதில் கிடைக்காது, மூன்றுமே அழகுதான். தனி ஆளுக்கு எது ஒத்துவரும் என்று கேட்டால் பதில் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. ஊர் மாறும் நாளை முழு நாளாக எண்ணக் கூடாது. பயணிகளுக்குக் கட்டில் கணக்கில் வாடகைக்கு விடும் ஹாஸ்டலில் காலை 10 மணிக்குக் கட்டிலைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் கட்டில் கிடைக்கும். நடுவில் பை உங்கள் முதுகில். இருவராகப் போனால் ஒருவர் பையைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் டிக்கெட் வரிசைக்கோ கழிப்பறைக்கோ போய் வரலாம். தனி ஆளுக்குப் பையும் கூடவே உள்ளே வரும். எட்டு கிலோ பையோடு ஸ்டேஷன் கழிப்பறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்த முடியாமல் திரும்பித் திரும்பி நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவளுடைய பட்டியலில் ஆறு ஊர். விமான நாட்கள் இரண்டைக் கழித்து, ஐந்து முறை ஊர் மாறும் அரை நாட்களையும் கழித்தால், ஆறு ஊருக்கும் சேர்த்துக் கையில் நிற்பது ஏழரை நாள்.

ஆகவே நான் பார்ப்பது மூன்றே விஷயம். பையை எத்தனை முறை தூக்க வேண்டும்? காலையில் எழுந்து மனம் மாறினால், பணம் போகாமல் திட்டத்தை மாற்ற முடியுமா? இரவு எட்டு மணிக்குத் தனியாக எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?

ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் வழியில் பயணம் என்னவோ சுலபம்தான். ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸ் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சிக்கல் எங்கே என்றால், எல்லாவற்றுக்கும் முன்பதிவு. கொலோசியம் டிக்கெட்டில் உங்கள் பெயரும் நுழையும் நேரமும் அச்சாகியிருக்கும். ஃப்ளாரன்ஸின் உஃபிட்சி ஓவியக் கூடமும், தாவீது சிலை இருக்கும் அக்காதெமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். வாட்டிகன் மியூசியம், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் கிடையாது. அதிவேக ரயிலின் விலை விமான டிக்கெட் மாதிரி ஏறும்: ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு முன்கூட்டியே எடுத்தால் 20, 30 யூரோவில் முடியும், அன்றைக்கே எடுத்தால் 50-ஐத் தாண்டும். இதையெல்லாம் பொருத்திப் பார்த்தால் கையில் இருப்பது பள்ளிக்கூட டைம்டேபிள். யாரையும் கேட்காமல் மனதை மாற்றிக்கொள்ளலாம் என்றுதானே தனியாகக் கிளம்புகிறோம்? இங்கே கடிகாரத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்காக ரோமை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். முன்பதிவில்லாத ரோம் ஒன்று இருக்கிறது. அது தனி ஆளுக்கென்றே செய்தது போல இருக்கும். சான் லூயிஜி தெய் ஃபிரான்சேசி என்ற தேவாலயத்தில் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள் இருக்கின்றன, மூன்றும் புனித மத்தேயுவைப் பற்றியவை. நுழைவுக் கட்டணம் கிடையாது. நான் போனபோது அந்தப் பக்கச் சிற்றாலயம் இருட்டாக இருந்தது. சுவரில் ஒரு பெட்டி, அதில் காசு போட்டால் விளக்கு எரியும், சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும். இருட்டில் பத்து பேர் நின்றோம். ஒருவரும் காசு போடவில்லை. எல்லோரும் அடுத்தவர் போடட்டும் என்று மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் ஷேர் ஆட்டோவில் "சில்லறை இருக்கா" என்று கேட்கும்போது எல்லோரும் வெளியே வேடிக்கை பார்ப்பார்களே, அப்படி. கடைசியில் ஒரு கிழவர் முனகிக்கொண்டே போட்டார். வெளிச்சம் வந்தது. ஓவியத்திலும் ஒரு இருண்ட அறைக்குள் பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிறது, காசு எண்ணிக்கொண்டிருக்கும் மத்தேயு தலை நிமிர்கிறான். அணைந்த பிறகு இரண்டாவது காசை நான் போட்டேன்.

ரோமின் தெருக்களில் நாசோனி என்ற இரும்புக் குழாய்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் உண்டு. 'பெரிய மூக்கு' என்று அர்த்தம். நாள் முழுக்கக் குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டில் வாங்கவே வேண்டாம். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் வளைந்து வரும், அப்படியே வாய் வைக்காமல் குடிக்கலாம். இதில் நம்மவர்களுக்குப் பயிற்சி தேவையில்லை. சாப்பாட்டுக்குத் தெருவோரக் கடைகளில் பீட்ஸாவைப் பெரிய தட்டிலிருந்து வெட்டி எடை போட்டுத் தருவார்கள். எவ்வளவு என்று கையால் காட்டினால் போதும், மொழி வேண்டாம், துணையும் வேண்டாம்.

ஃப்ளாரன்ஸில்தான் எனக்குத் தனிமை உறைத்தது. ஊரின் பேர் போன, நெருப்பில் சுட்ட மாட்டிறைச்சியை ஒரு கிலோ கணக்கில் இருவருக்காகத்தான் தருவார்கள். நான் அது சாப்பிடுவதில்லை, அதனால் நஷ்டமில்லை. ஆனால் மாலை நேரத்தில் எந்த உணவகத்தைப் பார்த்தாலும் இருவருக்கான மேசை. ஹாஸ்டலிலோ எல்லோரும் ஒரே மூன்று கேள்விதான் கேட்பார்கள்: எந்த ஊர், எத்தனை நாள், அடுத்து எங்கே. மூன்றாம் நாள் பதில்களை ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாமா என்று தோன்றியது.

வெனிஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்வேன்: போனால் இரவு தங்க வேண்டும். பகலில் அந்தத் தீவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நகர வேண்டியிருக்கும். 2024 முதல், குறிப்பிட்ட சில நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணமே வாங்குகிறார்கள். சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்கு அந்தக் கூட்டம் வடிந்துவிடும். பழைய தீவில் இப்போது குடியிருப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. இரவில் உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே எதிரொலிக்கும். தீவுக்குள் கட்டில் விலை அதிகம்தான். பத்து நிமிட ரயில் தூரத்தில் மெஸ்த்ரேயில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் மெஸ்த்ரேயில் தங்கினால் கடைசி ரயிலை நினைத்து அந்த இரவைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவீர்கள். நான் ஓடி வந்தவள்.

இப்போது போலோன்யா. பெரும்பாலானவர்கள் இந்த ஊரை ரயில் மாறும் இடமாகத்தான் பார்த்திருப்பார்கள். அதுதான் அதன் பலமும். வடக்கையும் தெற்கையும் இணைக்கும் தடங்கள் எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. மோதெனா, ஃபெர்ராரா இரண்டும் அரை மணி நேரத் தூரம். பார்மா ஒரு மணி நேரம், ரவென்னா அதற்குக் கொஞ்சம் மேல். ஃப்ளாரன்ஸ் அதிவேக ரயிலில் நாற்பது நிமிடம்கூட இல்லை. வெனிஸ் ஒன்றரை மணி நேரம்.

ரயில் வகையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ரெஜியோனாலே என்று ஒரு வகை ரயில் உண்டு, நம்ம ஊர் பாசஞ்சர் மாதிரி. தூரத்துக்கு ஏற்ற நிலையான கட்டணம், முன்பதிவே கிடையாது. ஒரு மாதம் முன்னால் எடுத்தாலும் ஒரே விலை, ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் எடுத்தாலும் அதே விலை. மேலே சொன்ன சின்ன ஊர்களுக்கெல்லாம் ஒரு வழிக்குப் பத்து யூரோவுக்குள் அடங்கும். அதனால் காலையில் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு, மழை என்றால் மோதெனா, வெயில் என்றால் ஃபெர்ராராவில் வாடகை சைக்கிள் என்று அப்போது முடிவு செய்யலாம். தூக்கம் கலையவில்லை என்றால் எங்கும் போகாமலும் இருக்கலாம். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்தியாக வேண்டும். நான் ஒரு முறை மறந்து, டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டினேன். டிக்கெட் பரிசோதகர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார், ரசீதும் கொடுத்தார். அதே போல வேலைநிறுத்தம். அங்கே அதற்கு ஷோப்பெரோ என்று பெயர், அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய உள்ளூர் ரயில்கள் ஓடும். ஒரே இடத்தில் தங்கியிருந்தால் அன்றைக்கு ஊரைச் சுற்றிக்கொள்ளலாம். மூன்று ஊருக்கு முன்பதிவு செய்தவர் தலையில் கை வைத்து உட்கார வேண்டியதுதான்.

ஊரும் லேசுப்பட்டதில்லை. தெருவுக்குத் தெரு தூண்களும் வளைவுகளும் கொண்ட நடைக்கூடங்கள், எல்லாம் சேர்த்தால் 62 கிலோமீட்டர். திருவல்லிக்கேணியில் இருந்து செங்கல்பட்டு வரை திண்ணை நிழலிலேயே நடந்து போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் ஒன்று ஊர் வாசலில் தொடங்கி 666 வளைவுகளோடு குன்றின் மேல் இருக்கும் சான் லூக்கா தேவாலயம் வரை ஏறுகிறது, கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர். நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது எழுபது வயதுப் பாட்டிகள் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். பெரிய சதுக்கத்தில் இருக்கும் சான் பெத்ரோனியோ தேவாலயத் தரையில் 1655-இல் வானியலாளர் கஸ்ஸீனி அமைத்த நெடுங்கோடு ஒன்று ஓடுகிறது, நீளம் சுமார் 67 மீட்டர். மேற்கூரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை. உச்சி வேளையில் அதன் வழியாக விழும் சூரிய வட்டம் மெதுவாக ஊர்ந்து வந்து கோட்டைத் தொடும். வட்டம் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்க முடியும். பக்கத்தில் யாராவது "போலாமா, நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தால் இதையெல்லாம் பார்க்கவே முடியாது.

ரவென்னாவுக்கு ஒரு நாள் கட்டாயம் ஒதுக்க வேண்டும். ரோமப் பேரரசி கல்லா பிளாசிதியாவின் கல்லறை மண்டபம் வெளியே பார்க்கச் செங்கல் குடோன் போல இருக்கும். உள்ளே குனிந்து போனால் கருநீல மேற்கூரை முழுக்கத் தங்க நட்சத்திரங்கள். ஐந்தாம் நூற்றாண்டு மொசைக். ஜன்னலில் கண்ணாடி இல்லை, மெல்லிய கல் பலகை. வெளிச்சம் அதன் வழியாகத் தேன் நிறத்தில் வடிகிறது.

போலோன்யாவின் குறை என்ன? முதலில், சாப்பாடு. இது பன்றி இறைச்சியின் தலைநகரம். சைவர்கள் ஒரு எழுத்தில் ஏமாந்துவிடுவார்கள்: தோர்தெல்லீனி என்றால் உள்ளே பன்றி இறைச்சிப் பூரணம். தோர்தெல்லோனி என்றால் பெரிய கொழுக்கட்டை போல, உள்ளே ரிகோத்தா என்ற பன்னீர். வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தரும் தோர்தெல்லோனியை நான் ஆறு நாளில் நாலு முறை சாப்பிட்டேன். இரண்டாவது, வர்த்தகக் கண்காட்சி நாட்களில் அறை வாடகை தாறுமாறாக ஏறும், தேதியைப் பார்த்துப் போட வேண்டும். மூன்றாவது, ஊருக்கு அடையாளமான இரட்டைக் கோபுரங்களில் சின்னது சாய்வது அதிகமாகிவிட்டது என்று 2023 இறுதியில் சுற்றிலும் அடைத்துவிட்டார்கள், பெரிய கோபுரத்தில் ஏறுவதும் நின்றுபோனது. அப்புறம், ஊர் திரும்பியதும் "போலோன்யாவா? அது எங்கே?" என்று கேட்பவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். இது சிலருக்குப் பெரிய குறை.

தனிமைக்கு இந்த ஊர் நல்ல மருந்து. 1088-ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்லும் பல்கலைக்கழகம் ஊரின் நடுவில் இருக்கிறது, மாணவர்கள் எங்கும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மூன்றாம் நாள் காலை தெருமுனைக் காபிக்கடையில் நான் வாய் திறக்கும் முன்பே காப்பி வந்தது. ஒரே ஊரில் ஆறு நாள் இருப்பதால் கிடைக்கும் இந்தச் சின்ன உறவு, ஊர் ஊராக ஓடுகிறவருக்குக் கிடைக்காது. காப்பியை நின்றுகொண்டே குடிக்க வேண்டும். சதுக்கங்களில் உட்கார்ந்து குடித்தால் விலை இரண்டு மடங்குக்கு மேலும் போகும். உணவகங்களில் கோப்பெர்த்தோ என்று தலைக்கு இரண்டு யூரோ அளவில் பில்லில் சேர்ப்பார்கள். ஏமாற்று வேலை இல்லை, அங்கே அது வழக்கம்.

தெற்குக்கு வருவோம். என் மனது இருப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் படியுங்கள்.

நேப்பிள்ஸ் என்றாலே எல்லோரும் பயமுறுத்துவார்கள். நான் போகும் முன் ஹாஸ்டலில் ஒரு பையன் "வாட்சைக் கழற்றிவிட்டுப் போங்கள்" என்றான். சென்னை பாரிஸ் கார்னரில் சாலை கடந்தவர்களுக்கு நேப்பிள்ஸ் போக்குவரத்து சொந்த ஊர். துணிக்கொடி, ஹார்ன், தெருமுனையில் பூப்போட்ட குட்டிக் கோவில் மாதிரி மாதா மாடம், பால்கனியிலிருந்து கயிற்றில் இறங்கும் கூடை. பிக்பாக்கெட் உண்டு, பையை முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். குறிப்பாக, எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ஊரான போம்பேய்க்குப் போகும் சிர்கும்வெசுவியானா ரயிலில் நெரிசல், உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் அதையேதான் ரோமின் மெட்ரோவுக்கும் சொல்வேன். நான் பயந்த இடங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: இரவு பத்துக்கு மேல் பெரிய ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்கள். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மலிவாகக் கட்டில் கிடைக்கிறதே என்று பெண்கள் போட்டுவிட வேண்டாம், இரண்டு யூரோ கூடக் கொடுத்து ஊருக்குள் தங்குங்கள்.

இங்கே பீட்ஸா என்பது ஒரு ஆளுக்கு ஒன்று. பகிர்ந்துகொள்ள ஆள் தேட வேண்டியதில்லை, வெட்டித் தரவும் மாட்டார்கள். மரினாரா கேட்டால் தக்காளி, பூண்டு, ஒரெகானோ, எண்ணெய் மட்டும், பால் பொருளே இல்லை. தனி ஆள் என்றால் வரிசையைத் தாண்டிக் கூப்பிட்டு, ஏற்கெனவே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "ஸோனோ தா ஸோலா", நான் தனியாக வந்திருக்கிறேன், என்ற ஒற்றை வரியைப் பெண்கள் கற்றுக்கொண்டு போனால் போதும். வடக்கில் அதைச் சொன்னால் மூலை மேசை, தெற்கில் சொன்னால் நாலு கேள்வி.

நேப்பிள்ஸ் தொல்லியல் மியூசியத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 'ரகசிய அறை' என்று ஒரு பகுதி இருக்கிறது. 1938-இல் போம்பேயில் தோண்டி எடுத்த தந்தச் சிலை ஒன்று அதில் இருக்கிறது. ஒரு ஜாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். காலில் தண்டை, கையில் அடுக்கு வளையல், பின்னால் தொங்கும் சடை. லட்சுமி என்று பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, யட்சியாக இருக்கும் என்பவர்களும் உண்டு. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பல் ஊரை மூடுவதற்கு முன்பே இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தவள். மிளகுக் கப்பல்களின் காலம் அது. யவனர் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று படித்திருக்கிறோமே, அவர்கள் திரும்பிய கரை இது. நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்ற நேரம் போம்பேயில் நின்ற நேரத்துக்குக் குறையாது.

நேப்பிள்ஸுக்கு அப்புறம் வழி இரண்டாகப் பிரிகிறது, 12 நாளில் இரண்டும் முடியாது. கிழக்கே போனால் பாரியும் மத்தேராவும். நடுவில் மலைத்தொடர், அதிவேகத் தடத்தை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், பஸ்தான் சுலபம். மத்தேரா பாறையைக் குடைந்த குகை வீடுகளின் ஊர். 1950-களில் வறுமையும் நோயும் காரணமாகச் சுமார் 15,000 பேரை அரசே வெளியேற்றியது. 1993-இல் யுனெஸ்கோ பட்டியல், 2019-இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரம். அவமானம் என்று காலி செய்த அதே குகைகளுக்கு இன்று ஓட்டல் வாடகை. சக்கரப் பெட்டி இங்கே சுத்தமாக உதவாது, எங்கும் படி. பாரியிலிருந்து சின்ன ரயில் ஒன்று போகிறது, ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பாரியின் பழைய ஊரில் வீட்டு வாசலில் பலகை போட்டுப் பெண்கள் பாஸ்தா செய்கிறார்கள். மாவுத் திரியில் ஒரு துண்டைக் கத்தி முனையால் இழுத்து, கட்டை விரலில் கவிழ்த்தால் குட்டிக் காது மாதிரி வந்துவிடும், ஒரு நொடி. அந்தப் பாஸ்தாவைக் கீரையோடு தருவார்கள், சைவம் என்று நம்பிவிடாதீர்கள், நெத்திலி கரைந்திருக்கும். காய்ந்த மொச்சை வகையை மசித்துக் கசப்புக் கீரையோடு தரும் ஃபாவே எ சிக்கோரியா முழுச் சைவம், நம் கீரைக் கடையலுக்குப் பக்கத்து வீடு.

தெற்கே போனால் சிசிலி. ரயிலிலேயே போகலாம், அதுதான் வேடிக்கை. வில்லா சான் ஜொவான்னியில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் தண்டவாளத்தில் ஏற்றுகிறார்கள். முன்னே தள்ளி, பின்னே இழுத்து, சங்கிலி மாட்டி, ஒரு மணி நேரம் பொறுமையைச் சோதிக்கும். அப்புறம் இரும்புப் படியேறி மேல் தளத்துக்குப் போனால் மெசினா ஜலசந்தி. கடல் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெட்டி கீழே, நான் மேலே, கையில் சோற்றை உருட்டிப் பொரித்த சூடான அரஞ்சினி. நேப்பிள்ஸிலிருந்து பலெர்மோ இப்படிப் போக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். பொறுமை இல்லாதவர்களுக்கு இரவுக் கப்பல் உண்டு: நேப்பிள்ஸில் இரவு ஏறினால் காலையில் பலெர்மோ, ஒரு இரவு வாடகையும் மிச்சம்.

பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் நான் பானெல்லே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடலை மாவைக் கிளறி, ஆறவைத்து, வில்லை போட்டுப் பொரித்து, எள்ளு ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவது. வாழைக்காய் இல்லாத பஜ்ஜி. பக்கத்துக் கடையில் கறிவேப்பிலைக் கட்டு கண்ணில் பட்டது. கை தானாக அதை எடுத்தது. கடைக்கார அம்மா என்னைப் பார்த்தார். "இந்தியாவோ?" சென்னை என்றேன். "தனியாவோ வந்தனீங்கள்?" அடுத்த இருபது நிமிடம் நான் பயணியாக இல்லை. ஈழத்தமிழர்கள் இந்த ஊருக்கு வரத் தொடங்கி நாற்பது ஆண்டாகிறது. ஊரின் காவல் தெய்வமான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவில் மோந்தே பெல்லெக்ரீனோ மலை மேல் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் போகும் கூட்டத்தில் தமிழர்கள் நிறைய, கத்தோலிக்கர் மட்டுமில்லை, சைவ சமயத்தவரும். அந்த அம்மாவும் சைவம்தான். "அவவும் எங்கட அம்மன் மாதிரித்தானே" என்றார். கறிவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை. ஹாஸ்டல் சமையலறையில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று நாள் பையில் வைத்திருந்தேன். பை இன்னும் லேசாக மணக்கிறது.

வடக்கின் தூரின், ஜெனோவா, மிலன் வழியை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. எகிப்து மியூசியத்துக்காகவே தூரின் போகலாம், ஆனால் முதல் பயணத்துக்கு இல்லை. மிலன் எனக்கு விமானம் ஏறும் இடம் மட்டுமே.

சரி, முடிவு. பணத்தைப் பார்த்தால் தெற்குதான் மலிவு, அடுத்து போலோன்யா, கடைசியில் அந்த மூன்று புகழ்பெற்ற ஊர்கள். நேரத்தைப் பார்த்தால் வரிசை தலைகீழ்: தெற்கில் பஸ் வராத ஞாயிறுகளும் காத்திருப்புகளும் சேர்ந்து உங்கள் நாட்களைத் தின்னும். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் நேப்பிள்ஸோடு ஒரு பக்கம் மட்டும் எடுங்கள். முதல் முறை தனியாகப் போகிறவர், 12 நாள், ரோமைப் பார்க்காமல் வந்தால் வீட்டில் விட மாட்டார்கள் என்றால்: போலோன்யாவில் ஆறு இரவு, ரோமில் நாலு இரவு. பை இடம் மாறுவது ஒரே ஒரு முறை. ஏற்கெனவே ஒரு முறை ஐரோப்பாவைத் தனியாகப் பார்த்தவர், தாமதத்தைக் கண்டு ரத்தக் கொதிப்பு ஏறாதவர் என்றால், யோசிக்காமல் நேப்பிள்ஸும் பலெர்மோவும். வெனிஸைப் பார்க்காவிட்டால் உறுத்தும் என்பவர் மட்டும் அந்த மூன்று ஊர் வழியில் போகட்டும், மூன்று மாதம் முன்பே உட்கார்ந்து திட்டமிடும் பொறுமையோடு. எதுவானாலும் ஆகஸ்ட் வேண்டாம். வெயில் ஒரு பக்கம், 15-ஆம் தேதி விடுமுறையை ஒட்டி பாதிக் கடைகள் மூடியிருக்கும். ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர்.

விசாவும் இந்த முடிவில் தலையிடும். இத்தாலி போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்று காட்ட வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஆறு ஊர் என்றால் ஆறு முன்பதிவு, இரண்டு ஊர் என்றால் இரண்டு. ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளாகப் பார்த்துப் போடுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை இழுக்க வேண்டாம்.

அக்கா மகள் போன வாரம் டிக்கெட் எடுத்துவிட்டாள். துபாய் வழியாக நேராக போலோன்யாவில் இறங்கி, ரோமிலிருந்து திரும்புகிறாள். நடுவில் வெனிஸில் ஒரு இரவு. அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாளாம்.

"அப்போ பையை ரெண்டு தடவை மாத்தணுமேடி?"

"எதுக்கு சித்தி? பெரிய பையை போலோன்யா ஹாஸ்டல்லயே விட்டுட்டு, ஒரு துணிப்பையில பல்துலக்கியும் ஒரு சட்டையும் எடுத்துட்டுப் போயிட்டு வந்துடுவேன்."

மூன்று பயணத்திலும் எனக்கு இது தோன்றவே இல்லை.